ஃபோபியாவும் நடத்தைச் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயத்துக்கு ஆலோசனை தேடி வருபவர்களும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் வீட்டாரும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேபோல இருக்கின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

பயம் யாருக்குத்தான் இல்ல? எதை ஃபோபியான்னு சொல்றீங்க?

குரைத்துக்கொண்டு பாய்ந்து வரும் நாயைப் பார்த்துப் பயப்படுவது இயல்பு. தெருமுனையில் கட்டிப் போட்டிருக்கும் நாய்க்காகத் தினமும் அரை கிலோமீட்டர் சுற்றிப் போவது ஃபோபியா. பயம் ஆபத்தின் அளவுக்குப் பொருந்தாமல் இருக்க வேண்டும். அந்தப் பொருளோ இடமோ எதிர்ப்படும்போதெல்லாம் ஏறக்குறைய தவறாமல் வர வேண்டும். 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். படிப்பு, வேலை, உறவு, உடல்நலம் என ஏதோ ஒன்றைக் கெடுக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்திருந்தால்தான் மருத்துவர்கள் அப்படிப் பெயர் வைப்பார்கள்.

இந்தப் பயத்தால் எதையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாம்பைக் கண்டால் நடுங்குகிறவர் பாம்பே இல்லாத இடத்தில் வாழ்ந்தால் அவருக்குச் சிகிச்சை தேவைப்படாமல் போகலாம். ஊசிக்குப் பயந்து பல வருடமாக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடும் சர்க்கரை நோயாளிக்குக் கட்டாயம் தேவை.

இதுல எத்தனை வகை இருக்கு?

பொருள் சார்ந்த ஃபோபியாவை ஐந்து பிரிவாக வைத்திருக்கிறார்கள்: விலங்கு, பூச்சிகள்; உயரம், இடி, ஆழமான நீர் போன்ற இயற்கைச் சூழல்கள்; ரத்தம், ஊசி, காயம்; லிஃப்ட், விமானம், மூடிய அறை போன்ற சூழ்நிலைகள்; தொண்டையில் அடைத்துக்கொள்ளுமோ, வாந்தி வந்துவிடுமோ போன்ற மற்றவை. நாலு பேர் பார்க்கிறார்களே என்ற சமூகப் பயமும், கூட்டத்திலோ தனியாக வெளியிலோ மாட்டிக்கொள்வோமோ என்ற அகோரபோபியாவும் தனி நோய்கள். நூற்றுக்கணக்கான கிரேக்கப் பெயர்கள் கொண்ட பட்டியல்கள் உலவுகின்றன. சிகிச்சைக்கு அவை உதவாது. அணுகுமுறை ஏறக்குறைய ஒன்றேதான். ரத்தப் பயம் மட்டும் விலக்கு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

என்னை நாய் கடிச்சதே இல்ல. அப்புறம் எப்படி வந்தது இது?

பயம் வரும் வழிகள் மூன்று என்று 1977இல் உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் வகுத்தார்: நேரடி அனுபவம், பிறர் பயப்படுவதைப் பார்ப்பது, சொல்லிக் கேட்பது. நாயைக் கண்டதும் கையை இறுக்கிப் பிடித்து ஓரமாக இழுக்கும் அம்மாவிடமிருந்து, ஒரு கடியும் வாங்காமலே குழந்தை பயத்தைக் கற்றுக்கொள்ளும். நேரடி அனுபவத்துக்குப் பழைய சான்று 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் ஒரு கைக்குழந்தையிடம் செய்த சோதனை. குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில நாளில் எலியைப் பார்த்தாலே குழந்தை அழுதது. அந்தப் பயத்தை அவர்கள் போக்காமலே விட்டுவிட்டார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.

மின்கம்பிக்கும் காருக்கும் ஃபோபியா அரிது. பாம்புக்கும் உயரத்துக்கும் சகஜம். பரிணாமத்தில் நம் முன்னோரை அச்சுறுத்தியவற்றுக்குப் பயப்பட மூளை முன்கூட்டியே தயாராக இருக்கிறது என்று 1971இல் மார்ட்டின் செலிக்மன் விளக்கம் தந்தார். எப்படியானாலும், காரணம் நினைவுக்கு வராவிட்டால் கவலை வேண்டாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமலே பயத்தைக் குணப்படுத்தலாம். அதைத் தேடியே மாதங்களைக் கழிப்பதுதான் நஷ்டம்.

அது ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்கே தெரியும். இருந்தும் உடம்பு ஏன் நடுங்குது?

மூளையில் ஆபத்தைக் கண்காணிக்கும் அமைப்புகள், அமிக்டலா முதலானவை, நீங்கள் யோசித்து முடிக்கும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. இதயம் வேகமெடுக்கும், உள்ளங்கை வியர்க்கும், மூச்சு மேலோட்டமாகும். அந்த அமைப்புக்கு எடுத்துச் சொன்னால் புரியாது, பட்டால்தான் புரியும். "இதுக்கா பயப்படுற" என்று வீட்டார் நூறு முறை சொல்லியும் பலிக்காதது இதனால்தான். அதில் பயப்படுகிறவரின் அறிவுக் குறைவோ மனத்திடக் குறைவோ எதுவுமில்லை.

இத்தனை வருஷம் ஆகியும் தானா ஏன் போகல?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமென்றால் இதைப் படியுங்கள்.

லிஃப்டுக்குப் பயப்படும் ஒருவர் கதவு முன் நிற்கிறார். எண்கள் 4, 3, 2 என்று இறங்குகின்றன, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கதவு திறந்ததும் "நான் படியிலேயே வந்துடறேன்" என்று திரும்பி நடக்கிறார். முதல் படியில் கால் வைப்பதற்குள் நெஞ்சு லேசாகிவிடுகிறது. அந்த நிம்மதி ஒரு பரிசு. தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை தப்பிக்கும் உந்துதல் இன்னும் வலுவாக வரும். ஹோபர்ட் மவ்ரர் 1947இல் இதை இரண்டு கட்டங்களாக விளக்கினார்: பயம் தொற்றிக்கொள்வது ஒரு கட்டம், தவிர்ப்பு அதைக் காப்பாற்றி வைப்பது இன்னொரு கட்டம். உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பே அவருக்கு வராமல் போகிறது.

வெளியே தெரியாத தவிர்ப்பும் உண்டு. லிஃப்டில் ஏறுவார், ஆனால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, மனைவி கூட வந்தால் மட்டும். இவற்றைக் காப்பு நடத்தைகள் என்கிறோம். "கைப்பிடியைப் பிடித்ததால் தப்பித்தேன்" என்ற பாடத்தைத்தான் இவை கற்றுத்தரும். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடை இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

நடத்தைச் சிகிச்சைன்னா என்னதான் செய்வாங்க?

தவிர்ப்பைத் திருப்பிப் போடுவார்கள். பயந்த பொருளைத் திட்டமிட்டு, படிப்படியாக, திரும்பத் திரும்ப எதிர்கொள்ள வைப்பார்கள். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனிடம் இதைச் செய்து காட்டினார். அவன் பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டிலிருந்த முயலைத் தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டு வந்தார். கடைசியில் பீட்டர் முயலோடு விளையாடினான். 1958இல் ஜோசப் வோல்பே, தசைகளைத் தளர்த்திக்கொண்டு பயக் காட்சிகளைக் கற்பனையில் வரிசையாகப் பார்க்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். இன்று முடிந்தவரை கற்பனையை விட்டு நேரடியாகவே எதிர்கொள்ள வைக்கிறார்கள்.

முதல் சந்திப்பில் யாரும் உங்கள் முன் கரப்பான்பூச்சியைக் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். எதற்குப் பயம், சரியாக என்ன நடந்துவிடும் என்று பயம், எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள், என்னென்ன காப்பு நடத்தைகள் என்று துருவிக் கேட்பார்கள். நல்ல சிகிச்சைக்குப் பாதி உழைப்பு இந்தக் கேள்விகளில்தான்.

படிப்படியான்னா எப்படி? ஒரு உதாரணம் சொல்லுங்க.

பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். 0 முழு அமைதி, 100 இதுவரை பட்டதிலேயே உச்சம். நாய்ப் பயத்துக்கு ஒரு ஏணி இப்படி அமையலாம்: நாயின் படத்தை உற்றுப் பார்ப்பது 15, குரைக்கும் காணொளியைச் சத்தத்தோடு பார்ப்பது 25, கயிற்றில் பிடித்திருக்கும் நாயிலிருந்து 20 மீட்டரில் நிற்பது 35, 10 மீட்டர் 45, 3 மீட்டர் 60, உரிமையாளர் பிடித்திருக்க முதுகைத் தடவுவது 75, கயிற்றை நீங்களே பிடித்து நடப்பது 80, சாதுவான நாயோடு ஒரே அறையில் கயிறில்லாமல் உட்கார்வது 90. எட்டிலிருந்து பன்னிரண்டு படிகள் போதும். இந்த ஏணியில் எங்குமே, தெரியாத நாயையோ தெருநாயையோ தொடும் படி கிடையாது. அது துணிச்சல் ஆகாது, யாருக்குமே ஆபத்து.

இரண்டு படிக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருந்தால் தூரம், நாயின் அளவு, அது படுத்திருக்கிறதா ஓடுகிறதா, கூட யார் இருக்கிறார்கள் என்று ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றி நடுவில் ஒரு படி செருகுங்கள். 30, 40க்குப் பக்கத்தில் தொடங்குவது வசதி. 10இல் தொடங்கினால் எதையும் கற்க மாட்டீர்கள். 90இல் தொடங்கினால் மறுநாள் வர மாட்டீர்கள்.

ஒரு படியில எவ்வளவு நேரம் நிக்கணும்?

பயம் தொடங்கியதில் பாதியாகும் வரை என்பது பழைய விதி. ஒரு பயிற்சிக்கு 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். விதி இன்றும் பயன்படுகிறது. ஆனால் அந்த வேளையில் பயம் எவ்வளவு குறைந்தது என்பது நீண்டகாலப் பலனைச் சரியாகக் காட்டுவதில்லை என்று மிஷெல் கிராஸ்கே முதலான ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அவர்கள் முக்கியமாகக் கருதுவது எதிர்பார்ப்பு பொய்யாவதை.

அதனால் தொடங்கும் முன் எழுதுங்கள்: "3 மீட்டரில் நின்றால் 5 நிமிடத்துக்குள் நாய் என் மேல் பாயும், 80 சதவீதம் உறுதி." அந்த 5 நிமிடமும் தாண்டி நில்லுங்கள். முடிந்ததும் நடந்தது என்ன என்று பக்கத்திலேயே எழுதுங்கள். வாரம் ஒருமுறை செய்தால் தேறாது. தினமும், அல்லது வாரத்தில் நாலைந்து நாளாவது செய்யுங்கள். உச்சத்தில் ஓடிவந்துவிட்டீர்களா? மனம் உடைய வேண்டாம். முடிந்தால் அன்றைக்கே ஒரு படி கீழே இறங்கி மறுபடி நில்லுங்கள். ஓடி வந்ததே அன்றைய கடைசி அனுபவமாகிவிடக் கூடாது.

பயம் ஏறிக்கிட்டே போய் மாரடைப்பு வந்துட்டா? பைத்தியம் பிடிச்சுட்டா?

பயம் முடிவில்லாமல் ஏறாது. ஒரு உச்சத்தைத் தொட்டு அங்கேயே நின்று, பிறகு தானே இறங்கும். பெரும்பாலோர் இறங்கும் முன்பே ஓடிவிடுவதால் அந்த இறக்கத்தைப் பார்த்ததே இல்லை. ஆரோக்கியமான இதயத்துக்கு இந்தப் படபடப்பு மாடிப்படி ஏறுவதைப் போன்ற உழைப்புதான். பயத்தால் புத்தி பேதலிக்காது. ஆனால் இதய நோய், கடுமையான ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சி கத்துக்கிட்டு அப்புறம் ஆரம்பிக்கலாமா?

கட்டாயமில்லை. வோல்பே முறையில் தளர்ச்சிப் பயிற்சி முக்கியமாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில், பலன் தருவது எதிர்கொள்ளல்தான் என்று தெரிந்தது. மூச்சுப் பயிற்சி இருந்தால்தான் உள்ளே போக முடியும் என்ற நிலை வந்தால் அதுவும் ஒரு காப்பு நடத்தை. மனம் அமைதியான பிறகு போகலாம் என்று காத்திருக்கும் பலருக்கு அந்த நாள் வருவதே இல்லை. பயத்தோடேயே போக வேண்டும்.

ரத்தத்தைப் பார்த்தா எனக்கு மயக்கமே வந்துடுது. எனக்கும் இதேதானா?

ஏணி இதேதான், கூடவே வேறொரு உத்தி வேண்டும். மற்ற ஃபோபியாக்களில் ரத்த அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தத்தோடு மயங்குவது அரிது. ரத்தம், ஊசிப் பயத்தில் மட்டும் அழுத்தமும் நாடித்துடிப்பும் முதலில் சற்று ஏறி, பிறகு சட்டென்று விழுகின்றன. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து கண் இருட்டுகிறது. இவர்களிடம் "உடம்பைத் தளர விடுங்க" என்று சொல்வது நேர்மாறான யோசனை.

ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் யோரன் ஊஸ்ட் 1980களில் வகுத்த இறுக்கப் பயிற்சி இதற்குத்தான். உட்கார்ந்து கை, மார்பு, கால் தசைகளை இறுக்குங்கள். 10 முதல் 15 விநாடியில் முகத்தில் சூடு ஏறுவது தெரியும். அதுவே அழுத்தம் ஏறுவதன் அடையாளம். பிறகு இயல்பு நிலைக்கு விடுங்கள், அதற்குமேல் தளர்த்த வேண்டாம். 20 முதல் 30 விநாடி கழித்து மறுபடி. ஒரு வேளைக்கு 5 முறை, நாளுக்கு 5 வேளை, ஒரு வாரம். தலைவலி வந்தால் இறுக்கத்தைக் குறையுங்கள். இது கைவந்த பிறகு ஏணியில் ஏறுங்கள்: வியர்வை, குளிர்ச்சி, காது அடைப்பு என்று உங்கள் முதல் அறிகுறி தோன்றியவுடன் இறுக்க வேண்டும். கண் இருட்டிய பிறகு தொடங்கினால் தாமதம்.

ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்து மற்ற தசைகளை இறுக்கப் பழகுங்கள். இறுகிய கையில் ஊசி அதிகம் வலிக்கும். மயங்கும் வழக்கம் உண்டு என்று செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் படுக்கவைத்தே ரத்தம் எடுப்பார்கள்.

ஒரே நாள்ல குணமாகும்ங்கறாங்களே, உண்மையா?

இதுவும் ஊஸ்ட் செய்ததுதான். 1989இல் அவர் வெளியிட்ட முறையில், ஒரே அமர்வில் அதிகபட்சம் 3 மணி நேரத்தில் ஏணி முழுவதையும் ஏறிவிடுவார்கள். சிகிச்சையாளர் முதலில் தானே சிலந்தியைத் தொட்டுக் காட்டி, பிறகு உங்கள் கையைத் தன் கைமேல் வைத்து, கடைசியில் தனியாகத் தொட வைப்பார். விலங்கு, பூச்சிப் பயங்களில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த 3 மணி நேரத்துக்கு முன்னால் விவரமான விசாரணை உண்டு. பின்னால் நீங்களே தொடர்ந்து பழக வேண்டும். பல பயங்களோ கூடவே மனச்சோர்வோ உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் போதாது.

தண்ணிக்குப் பயப்படுறவனைத் தள்ளி விட்டா பயம் தெளிஞ்சிடாதா?

தயவுசெய்து செய்யாதீர்கள். சிகிச்சையில் அடுத்து என்ன என்று அவருக்குத் தெரியும், சம்மதம் அவருடையது, நிறுத்தச் சொன்னால் நிற்கும். தள்ளிவிடும்போது இது எதுவும் இல்லை. மூச்சுத்திணறி மேலே வருகிறவர் தண்ணீர் ஆபத்தானது என்பதோடு, தள்ளியவரை நம்பக்கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறார். பூச்சியை மேலே எறிந்து விளையாடுவதும் அப்படித்தான். கட்டிக்கொண்டிருந்த ஏணியை அது ஒரு நொடியில் சாய்த்துவிடும்.

பயம் பிள்ளைக்கு. நாங்க என்ன செய்யணும்?

இரண்டு மூன்று வயதில் இருட்டு, இடி, விலங்குகளுக்குப் பயப்படுவது வளர்ச்சியின் பகுதி. பெரும்பாலும் தானே போகும். 6 மாதத்துக்கு மேல் நீடித்து, பள்ளியையோ விளையாட்டையோ கெடுத்தால் கவனியுங்கள். அன்பினால் செய்யும் ஒரு தவறு உண்டு: நாய் இருக்கும் பக்கம் போகாமல் தெருவை மாற்றுவது, "ஒண்ணும் ஆகாது" என்று இருபது முறை சொல்வது. பிள்ளைக்காகப் பெரியவர்கள் தவிர்த்துக்கொடுக்கிறார்கள். ஒருமுறை சொல்லுங்கள், "பயமா இருக்குன்னு தெரியுது, நம்ம ரெண்டு பேரும் இந்தக் கம்பம் வரைக்கும் போவோம்" என்று கூட நடங்கள். எட்டிய படியைப் பாராட்டுங்கள். எட்டாத படிக்குத் திட்டாதீர்கள். உங்களுக்கும் அதே பயமென்றால் நீங்களும் ஏணி ஏறிவிடுவது நல்லது. பிள்ளை உங்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

தினமும் விமானத்துல ஏறிப் பழக முடியுமா?

முடியாது. அதனால்தான் கண்முன் செயற்கைக் காட்சியைக் காட்டும் மெய்நிகர் (VR) கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். 1995இலேயே உயரப் பயத்துக்கு அவை பலன் தந்ததாக பார்பரா ராத்பாமின் குழு ஆய்வு வெளியிட்டது. கருவி இல்லாவிட்டால் என்ஜின் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டு பயணத்தைக் கற்பனையில் நிமிடம் நிமிடமாக நடத்தலாம். பயப்படுவது விமானம் விழுவதற்கா, உள்ளே படபடப்பு வந்து இறங்க முடியாமல் போவதற்கா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது என்றால் விமானமே இல்லாமல் பாதி வேலையை முடிக்கலாம்: மெல்லிய உறிஞ்சுகுழல் வழியே ஒரு நிமிடம் மூச்சுவிடுவது, நாற்காலியில் சுழல்வது போன்றவற்றால் அதே உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்துப் பழகுவார்கள். மாரடைப்புக் கேள்வியில் எச்சரித்த உடல்நிலை உள்ளவர்கள் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது.

மாத்திரை போட்டுக்கிட்டா போதாதா?

பொருள் சார்ந்த ஃபோபியாவுக்கு முதல் தேர்வு மாத்திரை அல்ல. பென்சோடயசபின் வகை அந்த வேளைக்குப் படபடப்பைத் தணிக்கும். ஆனால் "மாத்திரையால் பிழைத்தேன்" என்ற பாடம் மிஞ்சும், தொடர்ந்தால் பழக்கமாகும். அவசரமாக ஒரு ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்ற நேரத்தில் மருத்துவர் கொடுப்பது வேறு விஷயம். ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது.

எல்லாம் சொன்னபடி செஞ்சேன். குறையவே இல்ல.

பெரும்பாலும் எங்கோ ஒரு காப்பு நடத்தை ஒளிந்திருக்கிறது. நாய் முன்னால் 40 நிமிடம் நின்றவர் அத்தனை நேரமும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கலாம், பார்வையை மரத்தில் வைத்திருக்கலாம், ஓட வசதியாக ஒரு காலைத் திருப்பி வைத்திருக்கலாம். பயிற்சியின்போது யாரையாவது பக்கவாட்டிலிருந்து காணொளி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கால் தெரியும்.

அது இல்லையென்றால் ஏணி தவறான பயத்துக்குப் போட்டதாக இருக்கலாம். பூச்சி கடிக்கும் என்று ஏணி போட்டிருப்பீர்கள்; உண்மையான பயம் அருவருப்பாகவோ, நாலு பேர் முன்னால் அலறி அசிங்கப்படுவதாகவோ இருக்கும். அழுக்குப் பயமும் கை கழுவுவதும் சேர்ந்திருந்தால் அது, ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம். விபத்துக்குப் பின் வாகனப் பயம், கூடவே கெட்ட கனவு, நினைவுகள் என்றால் அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பாக இருக்கலாம். இவற்றுக்கு வேறு திட்டம் தேவை. மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். போகும்போது "எதிர்கொள்ளல் பயிற்சி நீங்களே கூட இருந்து செய்வீர்களா, எத்தனை அமர்வு?" என்று கேளுங்கள். பேச்சு மட்டும்தான் என்றால் வேறொருவரைத் தேடுங்கள்.

சரியாகி ஒரு வருஷம் கழிச்சு மறுபடி வந்துடுச்சு. எல்லாம் வீணா?

வீணில்லை. சிகிச்சை பழைய பயத்தை அழிப்பதில்லை. அதன் பக்கத்தில் "இது பாதுகாப்பானது" என்ற புதிய பாடத்தை எழுதுகிறது. இரண்டும் இருக்கும். நீண்ட இடைவெளி, புதிய இடம், கடும் மன உளைச்சல் வரும்போது பழையது முந்திக்கொள்ளும். பழக்கிய எதிர்வினை ஒன்று அணைந்துபோன பிறகும் கால இடைவெளியில் தானே திரும்புவதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் தன் சோதனை நாய்களிடமே கண்டார்.

ஒரே நாய், ஒரே பூங்கா, ஒரே சிகிச்சையாளர் என்று பழகியவர்களுக்கு இது அதிகம் நடக்கிறது. எனவே ஏணி முடிந்த பிறகும் வேறு நாய், வேறு தெரு, வேறு நேரம், தனியாக என்று மாற்றி மாற்றிப் பழகுங்கள். பிறகு மாதம் இரண்டு மூன்று முறையாவது வேண்டுமென்றே எதிர்கொள்ளுங்கள். பயம் திரும்பியது தெரிந்தால் அந்த வாரமே பழைய குறிப்பேட்டை எடுத்து, இப்போது 40 மதிப்பெண் தரும் படியில் தொடங்குங்கள். முதல் தடவை வாரங்கள் எடுத்த படிகளை இந்தத் தடவை பலர் சில நாளில் கடந்துவிடுகிறார்கள்.